மிட்நைட் கமாண்டர்: டெர்மினல் கோப்பு மேலாளர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கட்டளைகளைத் தட்டி வேலை வாங்கும் எழுத்துத் திரையான டெர்மினலுக்குள்ளேயே ஓடும் இரட்டைப் பலகைக் கோப்பு மேலாளர் மிட்நைட் கமாண்டர். புழக்கத்தில் அதன் பெயர் எம்சி. கீழே உள்ள பதில்கள் 4.8 வரிசைப் பதிப்புகளுக்கு உரியவை. கட்டளை, விசை, கோப்புப் பெயர் எல்லாவற்றையும் ஒலிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். ‘பெரிய எழுத்து’ என்று சொல்லாத இடமெல்லாம் சிறிய எழுத்துதான்; லாங், எல்சி_சிடைப், டிஇசட், டெர்ம் என்ற மாறிப் பெயர்கள் மட்டும் முழுதும் பெரிய எழுத்து. எம்சி சரியில்லை என்று வரும் புகார்களைத் துருவிப் பார்த்தால் பெரும்பாலும் டெர்மினலோ, லொக்கேல் (மொழி, எழுத்துக் குறியாக்க) அமைப்போ, தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச்சோதான் மாட்டும். அதனால் பல பதில்கள் எம்சிக்கு வெளியே போய்த்தான் திரும்பும்.

ரேஞ்சர், யாஸி, என்என்என் என்று எத்தனையோ கோப்பு மேலாளர்கள் இருக்க, ஏன் எம்சி?

விஐ உரைத் திருத்தியின் பாணி விசைகள் கைக்குப் பழகியவர்களுக்கும், படங்களை டெர்மினலிலேயே முன்னோட்டம் பார்க்க வேண்டியவர்களுக்கும் யாஸியோ ரேஞ்சரோ நன்றாகப் பொருந்தும். இரண்டு ஃபோல்டர்களை அக்கம்பக்கமாக வைத்து இங்கிருந்து அங்கே நகர்த்துவதுதான் அன்றாட வேலை என்றால் எம்சியை அடித்துக்கொள்ள ஆளில்லை. 1986-இல் வந்த நார்ட்டன் கமாண்டரின் வடிவத்தைப் பின்பற்றி மிகேல் தெ இகாஸா 1994-இல் இதைத் தொடங்கினார். பெரிய லினக்ஸ் வெளியீடுகள் எல்லாவற்றின் களஞ்சியத்திலும் கிடைக்கும். தெரியாத சர்வரில் முதல்முறை நுழைபவருக்கு இது பெரிய வசதி. திரையின் அடியில் எஃப்1 முதல் எஃப்10 வரை என்ன செய்யும் என்று எழுதியே இருப்பதால் மனப்பாடம் செய்யவும் அதிகம் இல்லை.

எப்படி நிறுவுவது?

டெபியன், உபுண்டு: ‘சுடோ ஏபிடி இன்ஸ்டால் எம்சி ஜிப் அன்ஜிப்’. கடைசி இரண்டும் இல்லாவிட்டால் ஜிப் கோப்பின் மேல் என்டர் தட்டும்போது உள்ளே போக முடியாது. எம்சி அந்த வேலையை அவற்றிடம்தான் கொடுக்கிறது. விண்டோஸில், அதற்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் உபுண்டுவுக்குள் இதே கட்டளை.

மேக்கில் ஹோம்ப்ரூ என்ற நிரல் நிறுவி வழியாக ‘மிட்நைட்-கமாண்டர்’ என்ற முழுப் பெயரில் நிறுவுங்கள். மினியோ சேமிப்பகத்தின் கிளையன்ட் நிரலுக்கும் ‘எம்சி’ என்றுதான் பெயர். இரண்டும் ஒரே கணினியில் மோதும். எம்சி என்று தட்டினால் பலகைகளுக்குப் பதில் ஏதோ உதவிக்குறிப்பு நீளமாக ஓடுகிறது என்றால், முதலில் ‘விச் எம்சி’ என்று கேட்டுப் பாருங்கள்.

சிங்கப்பூர்த் தேசிய சூப்பர்கம்ப்யூட்டிங் மையத்தின் ஆஸ்பயர் 2ஏ சூப்பர்கம்ப்யூட்டர், பல்கலைக்கழக சர்வர்கள் போன்ற பகிர்வு எந்திரங்களில் சுடோ (நிர்வாக) அதிகாரம் கிடைக்காது. மூல நிரலை இறக்கி, ‘கான்ஃபிகர்’ ஓட்டும்போது ‘ப்ரிஃபிக்ஸ்’ இடத்தில் உங்கள் வீட்டு ஃபோல்டரைக் கொடுத்துத் தொகுத்துக்கொள்ளலாம். கிலிப் நூலகமும், எஸ்-லாங் அல்லது என்கர்ஸஸும் தேவை. ஒன்று: எல்லோரும் நுழையும் கணினியான லாகின் நோடில் உட்கார்ந்துகொண்டு நூற்றுக்கணக்கான ஜிபியை எஃப்5-ஆல் நகலெடுக்காதீர்கள். அதே நோடில் வேலை பார்க்கும் மற்றவர்களும் சேர்ந்து திணறுவார்கள்.

முதல் நாளே தெரிந்திருக்க வேண்டிய விசைகள் எவை?

டேப் பலகை மாற்றும். எஃப்3 பார்க்க, எஃப்4 திருத்த, எஃப்5 நகலெடுக்க, எஃப்6 நகர்த்தவும் பெயர் மாற்றவும், எஃப்7 புது ஃபோல்டர், எஃப்8 அழிக்க, எஃப்9 மெனு. இவை கீழே எழுதியே இருக்கும். எழுதாத சிலவற்றில்தான் வேகம் இருக்கிறது.

கண்ட்ரோல்-ஓ பலகைகளை மறைத்து, கட்டளைகளை ஏற்று ஓட்டும் ஷெல்லை முழுத் திரையில் காட்டும். மறுபடி அழுத்தினால் பலகைகள் திரும்பும். இன்சர்ட் அல்லது கண்ட்ரோல்-டி (t) ஒரு கோப்பைக் குறியிடும். மேக் விசைப்பலகையில் இன்சர்ட் இல்லாததால் அங்கே இரண்டாவதுதான் வழி. கட்டளை வரி காலியாக இருக்கும்போது + தட்டினால் பெயர் வடிவத்தைக் கொடுத்து மொத்தமாகக் குறியிடலாம், * தட்டினால் குறிகள் தலைகீழாகும். ஆல்ட்-ஐ எதிர்ப் பலகையை இதே ஃபோல்டருக்குக் கொண்டுவரும். ஆல்ட்-புள்ளி மறைந்த கோப்புகளைக் காட்டும். ஆல்ட்-என்டர் கோப்பின் பெயரைக் கட்டளை வரியில் இறக்கும்; நீளமான பெயர்களைத் தட்டுகிற தொல்லை அதோடு போயிற்று.

கண்ட்ரோல்-ஸ்பேஸ் ஃபோல்டரின் மொத்த அளவைக் கணக்கிடும். மேக்கில் ஆங்கிலமும் தமிழும் என இரண்டு உள்ளீட்டு மொழிகள் வைத்திருந்தால் இந்த விசை எம்சியை எட்டவே எட்டாது; மேக் அதை மொழி மாற்றத்துக்கு எடுத்துக்கொள்ளும். சிஸ்டம் செட்டிங்ஸில் கீபோர்டு ஷார்ட்கட்ஸ் பகுதியில் மொழி மாற்றத்துக்கு வேறு விசை கொடுத்துவிடுங்கள்.

எஃப்10 தட்டினால் டெர்மினலின் மெனு திறக்கிறது. மேக்கில் எஃப் விசைகள் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கின்றன. என்ன செய்வது?

விசையை நடுவழியில் யாரோ பிடுங்கிக்கொள்கிறார்கள். நோம் டெர்மினலின் ப்ரெஃபரன்ஸஸில் எஃப்10-ஐ மெனு விசையாக வைக்கும் தேர்வு ஒன்று உண்டு, அதை நீக்குங்கள். மேக்கில் கீபோர்டு ஷார்ட்கட்ஸ் பகுதியின் ஃபங்ஷன் கீஸில், எஃப் விசைகளைச் சாதாரண விசைகளாகப் பயன்படுத்தும் தேர்வை இயக்குங்கள், அல்லது எஃப்என்-னோடு சேர்த்து அழுத்துங்கள். மேக் டெர்மினலில் ஆல்ட் விசைகள் வேலை செய்ய, ப்ரொஃபைல்ஸ், கீபோர்டு பக்கத்தில் ‘ஆப்ஷனை மெட்டாவாகப் பயன்படுத்து’ என்பதை டிக் செய்ய வேண்டும். ஐடெர்ம்2-இல் இடது ஆப்ஷனுக்கு ‘எஸ்கேப் +’ கொடுங்கள்.

எதுவும் கைகொடுக்காத கணினியில், எஸ்கேப் தட்டிவிட்டு எண்ணைத் தட்டுங்கள்: எஸ்கேப், 5 என்றால் எஃப்5. எஸ்கேப், 0 என்றால் எஃப்10. ஐபேடிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக வருபவர்களுக்கும் இது உதவும்.

எஸ்கேப்பை இரண்டு முறை தட்டினால்தான் பெட்டி மூடுகிறது. ஒரே தட்டில் மூடாதா?

மூடும். ஆப்ஷன்ஸ், கான்ஃபிகரேஷனில் ‘சிங்கிள் பிரஸ்’ என்பதை டிக் செய்யுங்கள். பக்கத்திலுள்ள டைம்அவுட் மைக்ரோ விநாடியில் இருக்கும். இயல்பு மதிப்பு 10,00,000, அதாவது 1 விநாடி. 2,00,000 வைத்தால் சுறுசுறுப்பாக இருக்கும். ஆனால் மேலே சொன்ன எஸ்கேப்-எண் முறையில், எண்ணை அந்த நேரத்துக்குள் தட்டியாக வேண்டும்; அதை நம்பியிருப்பவர்கள் ரொம்பவும் குறைக்காதீர்கள்.

இணைப்பு அறுந்தாலும் டெர்மினல் அமர்வைக் காக்கும் டிமக்ஸுக்குள் எம்சி ஓடினால் இன்னொரு தாமதமும் சேரும். டிமக்ஸின் பழைய பதிப்புகளில் எஸ்கேப்-டைம் 500 மில்லி விநாடி. ‘.டிமக்ஸ்.கான்ஃப்’ கோப்பில் அதை 10 என்று குறைத்து, டிமக்ஸ் சர்வரை மறுபடி தொடங்குங்கள்.

தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கேள்விக்குறிகளாகத் தெரிகின்றன. பலகைக் கோடுகளும் எழுத்துகளாகச் சிதறுகின்றன.

லொக்கேல் பிரச்சினை. சிங்கப்பூர்க் கணினிகளில் இதற்கு இரண்டு காரணங்கள் திரும்பத் திரும்ப வரும்.

முதலாவது, லொக்கேலைச் சொல்லும் லாங் மாறியில் ‘இஎன்_எஸ்ஜி’ என்று மட்டும் எழுதி நிறுத்திவிடுவது. லினக்ஸில் வால் இல்லாத இந்தப் பெயர் ஐஎஸ்ஓ-8859-1 குறியாக்கத்தைக் குறிக்கும். மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான அந்தப் பட்டியலில் தமிழுக்கு இடமே இல்லை. ‘இஎன்_எஸ்ஜி.யூடிஎஃப்-8’ என்று முழுதாக எழுத வேண்டும்; எஸ்ஜி, யூடிஎஃப் இரண்டும் பெரிய எழுத்து.

இரண்டாவது, உங்கள் மடிக்கணினியில் எல்லாம் சரியாக இருக்கும், எஸ்எஸ்எச்சில் போய்ச் சேரும் சர்வரில் அந்த லொக்கேல் உருவாக்கப்பட்டிருக்காது. பல லினக்ஸ் வெளியீடுகளில் எஸ்எஸ்எச் உங்கள் லாங் மதிப்பையும் கூடவே அனுப்பிவைக்கும். சர்வர் அதைத் தேடிப் பார்த்து, கிடைக்காமல் பழைய ‘சி’ லொக்கேலுக்கு இறங்கிவிடும். சர்வரில் ‘லொக்கேல் -ஏ’ ஓட்டிப் பட்டியலைப் பாருங்கள். இஎன்_எஸ்ஜி அதில் இல்லையென்றால் டெபியன், உபுண்டுவில் ‘சுடோ டிபிகேஜி-ரீகான்ஃபிகர் லொக்கேல்ஸ்’ ஓட்டிச் சேர்க்கலாம். நிர்வாக அதிகாரம் இல்லாதவர்கள் ஷெல் தொடங்கும்போது படிக்கும் தங்கள் ‘.பாஷ்ஆர்சி’ கோப்பில் லாங் மதிப்பாகப் பெரிய எழுத்து ‘சி.யூடிஎஃப்-8’ கொடுத்தால் போதும். டெபியன் குடும்பத்தில் அது எப்போதும் இருக்கும். மேக்கிலிருந்து வருபவர்கள் எல்சி_சிடைப் மாறியையும் பாருங்கள்: மேக் டெர்மினல் அதில் வெறும் ‘யூடிஎஃப்-8’ என்று அனுப்புவதுண்டு, லினக்ஸுக்கு அது லொக்கேல் பெயரே இல்லை.

லொக்கேலை மாற்றிய பின் எம்சியை மூடி, எஸ்எஸ்எச்சையும் துண்டித்து மறுபடி நுழையுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் டிமக்ஸ் அமர்வு பழைய மதிப்பையே பிடித்துக்கொண்டிருக்கும்.

எழுத்து சரியாக வருகிறது. ஆனால் தமிழ்ப் பெயர் உள்ள வரிகளில் நடுக்கோடு கோணலாகிறது.

டெர்மினல் என்பது சம அகலக் கட்டங்களால் ஆனது. ‘கொ’ என்ற எழுத்துக்கு எத்தனை கட்டம் என்று எம்சி ஒரு கணக்குப் போட, டெர்மினல் வேறு கணக்குப் போடுகிறது. துணைக்கால், கொம்பு, புள்ளி வரும் இடமெல்லாம் இந்த வேறுபாடு சேர்ந்துகொண்டே போய்க் கோட்டைத் தள்ளும். எம்சி பக்கம் இதற்கு முழுத் தீர்வு இல்லை. சமாளிக்க மூன்று வழிகள் உண்டு.

கண்ட்ரோல்-எல் திரையை மறுபடி வரையும். உருட்டும்போது ஒட்டிக்கொண்ட மிச்ச எழுத்துகள் போய்விடும். ஆல்ட்-காற்புள்ளி பலகைகளை மேலும் கீழுமாக அடுக்கும். அப்போது ஒரு பலகையின் கோணல் இன்னொன்றைத் தொடாது. தமிழ் ஃபோல்டர்களில் வேலை அதிகம் என்றால் இதையே நிரந்தரமாக வைத்துக்கொள்ளச் சொல்வோம். மூன்றாவது, லெஃப்ட் அல்லது ரைட் மெனுவின் லிஸ்டிங் ஃபார்மட்டில் ‘யூசர் டிஃபைன்ட்’ தேர்ந்து, ‘ஹாஃப் சைஸ் | எம்டைம் | டைப் நேம்’ என்று கொடுங்கள். பெயர் கடைசிக்குப் போய்விடுவதால் அளவும் தேதியும் நேர்வரிசையில் நிற்கும்.

‘கோலம்’ என்று தேடினால் கிடைக்கவில்லை. கண்ணெதிரே அந்தக் கோப்பு இருக்கிறது!

பழைய மேக் வட்டிலிருந்து வந்த கோப்பாக இருக்கும். யூனிகோடில் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரட்டைக் கொம்பும் துணைக்காலும் என இரண்டு குறியீடுகளாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். எச்எஃப்எஸ் பிளஸ் வடிவ மேக் வட்டுகள் பெயர்களைப் பிரித்த வடிவில் சேமித்தன. நீங்கள் விசைப்பலகையில் தட்டுவது பெரும்பாலும் சேர்ந்த வடிவம். லினக்ஸ் பைட்டுக்குப் பைட் ஒப்பிடுவதால் பொருந்தாது. ஒகரம், ஓகாரம், ஔகாரம் ஏறிய எழுத்துகளில் மட்டுமே இந்தச் சிக்கல் வரும். ‘படம்’ கிடைக்கும், ‘தோட்டம்’ கிடைக்காது.

‘கான்வ்எம்வி’ என்ற நிரலை நிறுவி, மூல வடிவமும் இலக்கு வடிவமும் யூடிஎஃப்8 என்று கொடுத்து, ‘--என்எஃப்சி’, ‘-ஆர்’ சேர்த்து ஓட்டுங்கள். முதலில் அது ஒத்திகை மட்டுமே காட்டும், எதையும் மாற்றாது. பட்டியல் சரியாக இருந்தால் ‘--நோடெஸ்ட்’ சேர்த்து மறுபடி ஓட்டுங்கள். அதுவரை அவசரத்துக்கு ஆல்ட்-? தேடல் பெட்டியில் அந்த எழுத்துக்குப் பதில் * போட்டுத் தேடலாம்: ‘க*லம்*’.

கண்ட்ரோல்-எக்ஸ் தட்டி அடுத்து சி தட்டினால் எதுவும் நடப்பதில்லை.

தமிழ் விசைப்பலகை இயக்கத்தில் இருக்கிறதா பாருங்கள். அஞ்சலோ தமிழ்99-ஓ இயங்கும்போது இரண்டாவது விசை தமிழ் எழுத்தாகப் போய்ச் சேரும். எம்சிக்கு அது கட்டளை ஆகாது.

எம்சியை மூடினால் தொடங்கிய இடத்துக்கே திரும்புகிறது. கடைசியாக நின்ற ஃபோல்டரிலேயே ஷெல் இருக்க வேண்டும்.

எம்சி ஒரு தனி நிரல். தன்னைத் தொடங்கிய ஷெல்லின் இடத்தை அது நேரடியாக மாற்ற முடியாது. அதற்காகவே ‘எம்சி-ராப்பர்.எஸ்எச்’ என்ற சிறு கோப்பு கூடவே வருகிறது. டெபியனில் ‘/யூஎஸ்ஆர்/லிப்/எம்சி’ ஃபோல்டரில் தேடுங்கள், வேறு சில வெளியீடுகளிலும் ஹோம்ப்ரூவிலும் ‘லிப்எக்ஸெக்’ கீழே இருக்கும். உங்கள் ‘.பாஷ்ஆர்சி’ அல்லது ‘.இசட்எஸ்எச்ஆர்சி’-யில் எம்சி என்ற பெயருக்கு ஒரு ஏலியஸ் (மாற்றுப் பெயர்) எழுதுங்கள்: ஒரு புள்ளி, ஓர் இடைவெளி, பிறகு அந்தக் கோப்பின் முழுப் பாதை. அந்தப் புள்ளியை விட்டுவிட்டால் ராப்பர் வேறு ஷெல்லில் ஓடி முடிந்துவிடும், பலன் இருக்காது. ஏலியஸ் போட்ட பிறகு, பழைய இடத்துக்கே திரும்ப வேண்டிய நேரத்தில் ஷிஃப்ட்-எஃப்10 அழுத்தி வெளியேறுங்கள்.

அமைப்புக் கோப்பைத் திருத்தினேன். எம்சியைத் திறந்து மூடியதும் பழையபடி ஆகிவிட்டது.

வீட்டு ஃபோல்டரில் ‘.கான்ஃபிக்/எம்சி/இனி’ என்பதுதான் முதன்மை அமைப்புக் கோப்பு. ‘ஆட்டோ சேவ் செட்அப்’ இயங்கும்போது எம்சி மூடுகையில் தன் நினைவில் உள்ளதை இந்தக் கோப்பின் மேல் எழுதிவிடும். ஆகவே எம்சி எந்த டெர்மினலிலும் திறந்திராதபோது மட்டும் வேறு திருத்தியில் அதைத் திருத்துங்கள். டிமக்ஸில் மறந்துபோன எம்சி ஒன்று உட்கார்ந்திருந்தாலும் போதும், உங்கள் வேலை வீண்.

தைப்பூசப் படங்கள் நான்கு கேமராக்களிலிருந்து வந்திருக்கின்றன, எல்லாவற்றிலும் ஒரே எண்வரிசை. மொத்தமாகப் பெயர் மாற்ற முடியுமா?

முடியும், எஃப்6 போதும். சிராங்கூன் சாலை பெருமாள் கோயில் பக்கம் எடுத்த கார்டிலும், டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலில் எடுத்த கார்டிலும் அதே ‘டிஎஸ்சி_0001’ இருக்கும். ஒரே ஃபோல்டருக்கு நேராக நகலெடுத்தால் ஒன்றின் மேல் ஒன்று விழும். எனவே ஒவ்வொரு கார்டையும் முதலில் தனி ஃபோல்டரில் இறக்குங்கள்.

முதல் ஃபோல்டரில் நின்று + தட்டி ‘*.ஜேபிஜி’ கொடுங்கள். சில கேமராக்கள் பெரிய எழுத்திலும் சில சிறிய எழுத்திலும் பின்னொட்டு வைக்கும். ‘கேஸ் சென்ஸிட்டிவ்’ டிக்கை எடுத்துவிட்டால் இரண்டும் சிக்கும். பிறகு எஃப்6. மேல் வரியில் * இருக்கட்டும். கீழ் வரியில் எதிர்ப் பலகையின் பாதை நிரம்பியிருக்கும். அதை முழுதாக அழித்துவிட்டு ‘பெருமாள்-*’ என்று எழுதி என்டர் தட்டுங்கள். பாதை இல்லாததால் கோப்புகள் இடம் மாறாமல் பெயர் மட்டும் மாறும். அடுத்த கார்டுக்கு ‘டேங்க்ரோடு-*’. கீழ் வரியில் நட்சத்திரத்தை மறந்தால், இலக்கு ஒரு ஃபோல்டராக இருக்க வேண்டும் என்று எம்சி மறுத்துவிடும். கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது.

பின்னொட்டு உட்பட எல்லாவற்றையும் சிறிய எழுத்தாக்க, நட்சத்திரத்துக்கு முன் \ குறியும் பெரிய எழுத்து எல்-லும் சேருங்கள்.

எஃப்2 மெனுவில் என் சொந்தக் கட்டளைகளைச் சேர்ப்பது எப்படி?

எம்சியை உங்களுக்கென்று மாற்றிக்கொள்ள இதைவிட நல்ல இடம் கிடையாது. திரை நிறத்தையும் விசைகளையும் மாற்றிக்கொண்டே ஒரு மாலையைக் கழிப்பதைவிட இங்கே நான்கு வரி எழுதுவது நூறு மடங்கு பயன் தரும்.

எஃப்9, கமாண்ட், எடிட் மெனு ஃபைல் போய் ‘யூசர்’ தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு பதிவும் இரண்டு பகுதி. முதல் வரி இடது ஓரத்தை ஒட்டித் தொடங்க வேண்டும்: ஒரு விசை எழுத்து, இடைவெளி, தலைப்பு. அதன் கீழ் வரும் கட்டளை வரிகள் டேப்பிலோ இடைவெளியிலோ தொடங்க வேண்டும். கட்டளை வரி ஓரத்தை ஒட்டினால் எம்சி அதை இன்னொரு தலைப்பு என்று எடுத்துக்கொள்ளும். மெனுவில் விசித்திரமான வரிகள் தெரிந்தால் காரணம் இதுதான்.

படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பும் அளவுக்குச் சுருக்க, இமேஜ்மேஜிக் நிறுவிய கணினியில் இப்படி:

ஜே    படங்களைச் சுருக்கு
      மோக்ரிஃபை -பாத் %டி -ரீசைஸ் 1600எக்ஸ்1600 -குவாலிட்டி 85 %எஸ்

இதில் டி (D) பெரிய எழுத்து. எதிர்ப் பலகையின் ஃபோல்டர் என்று பொருள். எஸ் சிறிய எழுத்து; குறியிட்ட கோப்புகள், எதையும் குறியிடவில்லை என்றால் கர்சர் நிற்கும் கோப்பு. சுருங்கிய படங்கள் எதிர்ப் பக்கம் போகும், மூலம் அப்படியே இருக்கும். ஆனால் இரண்டு பலகையும் ஒரே ஃபோல்டரைக் காட்டினால் மூலப் படங்களின் மேலேயே எழுதிவிடும். ஓட்டும் முன் எதிர்ப் பலகையைப் பாருங்கள்.

%எஸ், %எஃப் போன்றவற்றை மேற்கோள் குறிக்குள் போடாதீர்கள். பெயரில் உள்ள இடைவெளிகளை எம்சியே பாதுகாத்துத் தருகிறது. நீங்களும் மேற்கோள் சேர்த்தால் ‘அப்படி ஒரு கோப்பு இல்லை’ என்று பிழை வரும்.

ஒரு ஃபோல்டருக்கு மட்டும் தனி மெனு வேண்டுமானால் அங்கே ‘.எம்சி.மெனு’ என்று ஒரு கோப்பு வையுங்கள். யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய அனுமதி அதற்கு இருந்தால் எம்சி அதைக் கண்டுகொள்ளாது. பாதுகாப்பு கருதிய ஏற்பாடு அது.

எஃப்8-இல் அழித்ததை மீட்க முடியுமா?

முடியாது. எம்சியில் குப்பைத்தொட்டி இல்லை. ஆப்ஷன்ஸ், கான்ஃபிகரேஷனில் ‘சேஃப் டிலீட்’ டிக் செய்யுங்கள். உறுதிப்படுத்தும் பெட்டியில் ‘நோ’ முதலில் தேர்வாகி நிற்கும், அவசரமாக என்டர் தட்டினாலும் கோப்பு தப்பும். நோம் மேசை உள்ள லினக்ஸில், எஃப்2 மெனுவில் ‘ஜிஐஓ ட்ராஷ் %எஸ்’ என்று ஒரு பதிவு சேர்த்து, அழிப்பதற்கு அதையே பழக்கமாக்கிக்கொள்ளலாம்.

தம்ப் டிரைவுக்கு நகலெடுக்கும்போது ‘கேனாட் சோன்’ என்று ஒவ்வொரு கோப்புக்கும் பிழை வருகிறது.

கடையில் வாங்கும் தம்ப் டிரைவ்கள் ஃபேட்32 அல்லது எக்ஸ்ஃபேட் வடிவில் இருக்கும். யாருடைய கோப்பு என்ற தகவலை வைக்க அவற்றில் இடமில்லை. எஃப்5 பெட்டியில் ‘ப்ரிசர்வ் ஆட்ரிபியூட்ஸ்’ டிக்கை எடுத்துவிடுங்கள். பாதி வேலையில் வந்துவிட்டால் ‘இக்னோர் ஆல்’ கொடுக்கலாம். கோப்பின் உள்ளடக்கத்துக்குப் பாதிப்பில்லை. 4 ஜிபி-யைத் தொடும் வீடியோ மட்டும் ஏற மறுத்தால் டிரைவ் ஃபேட்32. எக்ஸ்ஃபேட்டாக மாற்றுவதுதான் வழி, மாற்றும்போது உள்ளே இருப்பது எல்லாம் அழியும்.

நகலெடுத்து முடித்து அன்மவுன்ட் செய்கையில் ‘பிஸி’ என்று மறுத்தால், எம்சியின் ஏதோ ஒரு பலகை இன்னும் அந்த டிரைவுக்குள் நிற்கிறது. இரண்டு பலகைகளையும் வெளியே கொண்டுவந்துவிட்டு முயலுங்கள். எம்சி 100% காட்டியதும் பிடுங்கிவிடாதீர்கள். மிச்சம் நினைவகத்தில் இருக்கலாம். அன்மவுன்ட் முடியும்போதுதான் எழுதி முடிந்தது என்று அர்த்தம்.

சர்வரை ஒரு பலகையில் திறக்க எஸ்எஃப்டிபி லிங்க், ஷெல் லிங்க் என இரண்டு இருக்கின்றன. எதை எடுப்பது?

எஸ்எஃப்டிபி லிங்க் தன் சொந்த நூலகத்தைப் பயன்படுத்துகிறது, ‘.எஸ்எஸ்எச்/கான்ஃபிக்’ கோப்பிலிருந்து முகவரி, பயனர், போர்ட், சாவிக் கோப்பு போன்ற சிலவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளும். இடையில் ஒரு தாவல் சர்வரைக் கடந்து போக வேண்டிய அலுவலக வலையமைப்பில் அது திணறும். ஷெல் லிங்க் கணினியின் எஸ்எஸ்எச் நிரலையே அழைப்பதால், டெர்மினலில் எது வேலை செய்கிறதோ அது இங்கும் வேலை செய்யும். பழைய பதிப்புகளில் அதன் பெயர் ஃபிஷ். அதே பெயருள்ள ஷெல்லோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

எது எடுத்தாலும் தரவு உங்கள் கணினி வழியாகத்தான் போகும். ஒரே சர்வருக்குள் ஒரு ஃபோல்டரிலிருந்து இன்னொன்றுக்கு நகலெடுத்தாலும் கீழே இறங்கி மேலே ஏறும். பெரிய வேலை என்றால் எஸ்எஸ்எச்சில் நுழைந்து, டிமக்ஸைத் திறந்து, எம்சியை சர்வரிலேயே ஓட்டுங்கள். எம்ஆர்டி ரயிலில் ஹாட்ஸ்பாட் அறுந்தாலும் நகல் நிற்காது. அடுத்த நிலையத்தில் ‘டிமக்ஸ் அட்டாச்’ கொடுத்து விட்ட இடத்திலிருந்து பார்க்கலாம்.

சர்வரில் கோப்புகளின் நேரம் 8 மணி நேரம் பின்தங்கித் தெரிகிறதே?

கோப்பின் நேரம் சரிதான். எம்சி தான் ஓடும் கணினியின் நேர மண்டலத்தில் அதைக் காட்டுகிறது. கிளவுட் சர்வர் சிங்கப்பூரிலேயே இருந்தாலும் அதன் கடிகாரம் வழக்கமாக யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில்தான் அமைந்திருக்கும். சர்வர் உங்களுடையது மட்டும் என்றால் ‘டைம்டேட்சிடிஎல் செட்-டைம்ஸோன் ஏஷியா/சிங்கப்பூர்’, ஏ-யும் எஸ்-ஸும் பெரிய எழுத்து. பலர் பகிரும் சர்வரில் அதைத் தொடாமல், உங்கள் ‘.பாஷ்ஆர்சி’-யில் டிஇசட் மாறியை மட்டும் அமையுங்கள். பதிவுக் கோப்புகளை யூடிசி-யில் படிப்பவர்களுக்கு இடைஞ்சல் இருக்காது.

‘ஷெல் ஏற்கெனவே ஒரு கட்டளையை ஓட்டிக்கொண்டிருக்கிறது’ என்ற பொருளில் ஒரு செய்தி வந்து, எந்தக் கட்டளையும் ஓடுவதில்லை.

கண்ட்ரோல்-ஓ அழுத்தி ஷெல்லைப் பாருங்கள். பாதி தட்டிய வரி கிடக்கும், அல்லது ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். கண்ட்ரோல்-சி கொடுத்து வரியைக் காலி செய்துவிட்டுத் திரும்புங்கள். இசட்எஸ்எச்சில் அலங்காரமான ப்ராம்ப்ட் வைத்திருப்பவர்களுக்கு எம்சி தொடங்கவே நேரமானால் ‘எம்சி -யூ’ என்று துணை ஷெல் இல்லாமல் ஓட்டிப் பாருங்கள். உடனே திறந்தால் ப்ராம்ப்ட்தான் காரணம்.

பழைய வட்டில் தமிழ் உரைக் கோப்புகள் இருக்கின்றன. எஃப்3 அழுத்தினால் புரியாத குறிகளாக வருகின்றன.

1997-இல் சிங்கப்பூரில் தமிழ்நெட் மாநாடு நடந்த காலத்தை ஒட்டிய கோப்புகள் என்றால் யூனிகோடுக்கு முந்தைய குறியாக்கமாக இருக்கும். அது திஸ்கியாக இருந்தால் நல்லகாலம்: லினக்ஸின் ‘ஐகான்வ்’ நிரலுக்குத் திஸ்கி தெரியும். எஃப்2 மெனுவில்:

டி    திஸ்கியிலிருந்து யூனிகோடு
      ஐகான்வ் -எஃப் டிஎஸ்சிஐஐ -டி யூடிஎஃப்-8 %எஃப் > %டி/%எஃப்

டிஎஸ்சிஐஐ, யூடிஎஃப், %டி (D) ஆகியவை பெரிய எழுத்து, மற்றவை சிறியவை. ‘-டி’ என்பது t; %எஃப் என்பது கர்சர் நிற்கும் கோப்பு. இங்கும் எதிர்ப் பலகை வேறு ஃபோல்டராக இருக்க வேண்டும். ஒரே ஃபோல்டராக இருந்தால், படிக்கத் தொடங்கும் முன்பே ஷெல் கோப்பைக் காலியாக்கிவிடும். வெளிவந்த உரை அப்போதும் உளறலாக இருந்தால் மூலம் திஸ்கி இல்லை, டாப் அல்லது டாம் வகையாக இருக்கலாம். அவற்றை ஐகான்வ் அறியாது, தனி மாற்றி வேண்டும்.

நிறங்களை மாற்றுவது எப்படி?

ஆப்ஷன்ஸ், அப்பியரன்ஸில் தோல்கள் (ஸ்கின்) எனப்படும் நிறத் தொகுப்புகளின் பட்டியல் இருக்கிறது. தேர்ந்தெடுத்த உடனே திரை மாறிக் காட்டும். பெயரில் 256 உள்ள தோலுக்கு டெர்மினலும் 256 நிறம் தர வேண்டும், இல்லையென்றால் இயல்புத் தோலுக்கே எம்சி திரும்பிவிடும். டெர்ம் மாறியில் ‘எக்ஸ்டெர்ம்-256கலர்’ இருக்கிறதா பாருங்கள். முழு அதிகாரமுள்ள ரூட் பயனருக்குக் கண்ணைக் குத்தும் வேறொரு தோலைக் கட்டாயம் வையுங்கள். எஃப்8 அழுத்தும் முன் எந்த அதிகாரத்தில் நிற்கிறோம் என்பது நிறத்திலேயே தெரிந்துவிடும்.

சுட்டியால் எழுத்தைத் தேர்ந்து நகலெடுக்க முடியவில்லை.

சுட்டியை எம்சி தன் வசம் வைத்திருக்கிறது. லினக்ஸில் ஷிஃப்ட்டையும், ஐடெர்ம்2-இல் ஆப்ஷனையும், மேக் டெர்மினலில் எஃப்என்-னையும் அழுத்திக்கொண்டே இழுங்கள். சுட்டியே வேண்டாம் என்றால் ‘எம்சி -டி’ (d) என்று தொடங்குங்கள்.